கைக்கு விடிந்ததா?

பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்தேன் என்பதுதான் என் மேல் வந்த புகார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, எட்டு மாதம். காலை ஐந்தரைக்கு, வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது, அடுப்படி விளக்கைப் போடாமல், வாசல் கம்பியில் மாட்டியிருக்கும் பையிலிருந்து பாக்கெட்டை இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவே இடுக்கி எடுத்து வருவேன். மூலையைக் கடைவாய்ப் பல்லில் கொடுத்து ஒரு இழுப்பு. கத்தரிக்கோல் இல்லாமல் இல்லை. அந்த நேரத்தில் கத்தரிக்கோலின் வளையத்துக்குள் என் கட்டைவிரல் நுழையாது. நுழைந்தாலும் மூட வராது. கத்தியைப் பிடித்தால் நழுவும். உடம்பில் அப்போது என் சொல்பேச்சு கேட்பது பல் ஒன்றுதான். வீடோ எச்சில் பார்க்கிற வீடு. தம்ளரை வாயில் வைத்துக் குடித்தாலே அத்தையின் முகம் மாறிவிடும். அந்த அத்தைக்குத்தான் எட்டு மாதமாக என் பல் பட்ட பாலில் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு முடக்குவாதம். ஏழு வருஷமாகிறது. தொடக்கம் எல்லாருக்கும் போலத்தான்: வலது கை நடுவிரலின் அடிமூட்டு வீங்கியது, கரும்பலகையில் எழுதி எழுதி வந்த வலி என்று நினைத்தேன், பத்து நாளில் இடது கையிலும் அதே விரல், அதே மூட்டு. ஒரு பக்கம் வந்தால் மறுபக்கமும் வருவது இந்த நோயின் பழக்கம். மோதிரத்தைக் கழற்ற முடியாமல் நகைக்கடைத் தெருவில் ஒரு ஆசாரியிடம் போனேன். அவர் குறட்டால் மோதிரத்தை வெட்டி, இரண்டு துண்டாக ஒரு ரோஸ் தாளில் மடித்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. "நல்லானதும் கொண்டு வாங்க, பத்த வச்சுத் தாரேன்" என்றார். அந்தத் தாள் இன்னும் பீரோவில் இருக்கிறது.

முடக்கத்தான் தோசை, வாதநாராயணன் கீரை, நொச்சி ஒத்தடம், உருளைக்கிழங்குக்குத் தடை, புளிக்குத் தடை எல்லாம் பார்த்தாயிற்று. முடக்கத்தான் தோசை நன்றாக இருக்கும், இப்போதும் சுடுவோம், தோசையாக. அதைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

ஏழு மணி டாக்டர்

என்னை ரொம்ப நாள் உறுத்திய விஷயம் வேறு. இந்த வலிக்கு நேரம் உண்டு. விடிகாலையில் என் விரல்கள், மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த தோல் செருப்பு மாதிரி இருக்கும். வடிவம் இருக்கும், வளையாது. வெந்நீரில் முக்கி, மடக்கி, நீட்டி, மறுபடி முக்கி, எட்டு மணிக்குக் கொஞ்சம் இளகும். பத்தரைக்கு எழுதலாம். மத்தியானம் மூன்று மணிக்கு என்னைப் பார்க்கிற யாரும் எனக்கு ஒரு நோய் இருப்பதாகச் சொல்ல முடியாது.

டாக்டரைப் பார்ப்பது மாலை ஏழு மணிக்கு. பள்ளிக்கூடம் விட்டு, வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, பாளையங்கோட்டைக்கு ஆட்டோ பிடித்து, டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் ஏழு, ஏழரை ஆகிவிடும். அந்த நேரத்தில் நான் கொண்டுபோவது நாளிலேயே மிக நல்ல கைகளை. அவர் ஒவ்வொரு மூட்டாக அமுக்கிப் பார்ப்பார். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: தோள் இரண்டு, முழங்கை இரண்டு, மணிக்கட்டு இரண்டு, கைவிரல்களில் இருபது, முழங்கால் இரண்டு, மொத்தம் 28 மூட்டு. எத்தனை வீங்கியிருக்கிறது, எத்தனை அமுக்கினால் வலிக்கிறது என்று எண்ணி, ரத்தப் பரிசோதனை எண்ணையும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டால் நோயின் வேகம் ஒரு எண்ணாக வரும். கணக்கு டீச்சரான எனக்கு அந்தச் சூத்திரத்தைப் பார்த்தபோது ஒரு மரியாதை வந்தது. அதற்குள் வர்க்கமூலம் எல்லாம் இருக்கிறது. ஆனால் கால் விரல்களும் கணுக்காலும் அந்த 28-க்குள் இல்லை. காலையில் தரையில் முதல் அடி வைக்கும்போது கூழாங்கல் மேல் நடக்கிற மாதிரி இருக்குமே, அது எந்தக் கூட்டலிலும் சேராது.

"காலையில விறைப்பு இருக்காம்மா?" என்று அவர் ஒவ்வொரு முறையும் கேட்கத்தான் செய்வார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. நான் ஒவ்வொரு முறையும் "கொஞ்சம் இருக்கு டாக்டர், பரவாயில்லை" என்பேன். அவர் எழுதிக்கொள்வார். அடுத்த டோக்கன்.

இதை இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. பதினெட்டு வருஷமாக, அலகு போடாத விடைக்கு அரை மதிப்பெண் குறைக்கிறவள் நான். "பன்னிரண்டு என்றால் என்ன பன்னிரண்டு? சென்டிமீட்டரா, கத்திரிக்காயா?" என்று எத்தனை பிள்ளைகளைக் கேட்டிருப்பேன். அந்த நான் ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்து "கொஞ்சம்" என்கிறேன். கொஞ்சம் என்றால் என்ன? நிமிஷமா, மணியா? எனக்குக் "கொஞ்சம்" என்பது ஐந்து மணி நேரம். அவர் காதில் அது பத்து நிமிஷமாக விழுந்திருக்கும். நல்லா இருக்கிறாயா என்று கேட்டால் இருக்கிறேன் என்று சொல்லி வளர்ந்த ஊர். டாக்டரிடம்கூட நாம் விருந்தாளி மாதிரிதான் பேசுகிறோம்.

அப்புறம் ஒன்று படித்தேன், படித்ததும் கோபம் வந்தது. முடக்குவாதத்தை வகைப்படுத்த உலகம் முழுக்க ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 1987-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் போட்ட பட்டியலில் முதல் வரியே காலை விறைப்புதான்: ஒரு மணி நேரமாவது நீடிக்க வேண்டும். 2010-இல் ஐரோப்பியர்களும் சேர்ந்து அதைத் திருத்தியபோது காலை விறைப்பை எடுத்துவிட்டார்கள். வீக்கம், எத்தனை மூட்டு, ரத்தத்தில் என்ன, எத்தனை வாரமாக, இவை போதும். காரணம் புரிகிறது. நோயாளி வாயால் சொல்வது ஆளுக்கு ஆள் மாறும். மற்ற மூட்டு நோய்களிலும் விறைப்பு உண்டு. அதை வைத்து இதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். புரிகிறது, ஆனாலும் உறுத்துகிறது. என் நோயில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பகுதி அதுதான்.

பூசினாப்ல இருக்கீங்க

பள்ளிக்கூடத்தில் முதல் பீரியட் வேண்டாம் என்று கேட்டேன். "எல்லாருமே முதல் பீரியட் வேண்டாம்னுதான் டீச்சர் கேக்காங்க" என்றார் தலைமையாசிரியர். அவர் சொன்னதும் சரிதான். அன்றைக்குப் பதினொன்றரைக்கு அவர் வராந்தாவில் போகும்போது நான் பலகையில் காம்பஸ் இல்லாமல் ஒரு வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். நல்ல வட்டம். ஜன்னல் வழியாக அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அந்த வட்டம் என் கோரிக்கையை அழித்துவிட்டது. முதல் பீரியடில் சாக்பீஸை முஷ்டிக்குள் வைத்துக் குழந்தை மாதிரி எழுதுவதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் பார்த்திருக்கின்றன. அவர்கள் எதுவும் கேட்டதில்லை. ஒரு பையன் மட்டும் தினமும் வந்து, "மிஸ், நான் தேதி போடட்டா?" என்பான். தேதியோடு தலைப்பையும் அவனே எழுதிவிடுவான்.

மாலையில் வலி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மூட்டு இளகியபின் சதையின் முறை. வலிக்கிறது என்று கையைக் குறைவாகப் பயன்படுத்தினால் சதை வற்றுகிறது. வற்றிய சதை சீக்கிரம் களைக்கிறது. களைத்தால் அதற்கென்று ஒரு வலி. என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே மேடாக இருக்க வேண்டிய இடம் இப்போது பள்ளம். ராத்திரி முப்பது நோட்டுத் திருத்தினால் முன்கை முழுக்க உளைச்சல் எடுக்கும். காலையில் இருப்பது வேறு, ராத்திரி இருப்பது வேறு. இரண்டையும் வலி என்ற ஒரே சொல்லில் அடைக்கிறோம். குடைச்சல், கடுப்பு, உளைச்சல், பிடிப்பு, குத்தல், நோக்காடு என்று அத்தையிடம் ஒரு டஜன் சொல் இருக்கிறது. சீட்டில் எழுதும்போது எல்லாம் 'பெயின்' ஆகிவிடுகிறது.

முதல் வருஷம் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து மாவட்டத்தில் ஒருவர் பொட்டலம் கொடுக்கிறார், மூன்றே நாளில் எழுந்து ஓடலாம் என்றார்கள். போனேன். மூன்றே நாளில் எழுந்து ஓடினேன். நிஜமாகவே. காலையில் கோலம் போட்டேன், குந்தி உட்கார்ந்து, இருபத்தொரு புள்ளி. அந்தப் பொடியில் பெயர் எழுதாத ஸ்டீராய்டு இருந்தது என்று பின்னால் தெரிந்தது. ஆறு மாதத்தில் முகம் நிலா மாதிரி ஆகி, சர்க்கரை ஏறியது. அந்த ஆறு மாதமும் பார்த்தவர்கள் எல்லாம் "டீச்சர் இப்பதான் பூசினாப்ல நல்லா இருக்கீங்க" என்றார்கள். என் வாழ்க்கையில் நான் அழகாக இருக்கிறேன் என்று அதிகம் பேர் சொன்னது அந்த ஆறு மாதத்தில்தான்.

அந்த மூன்று நாள் அதிசயம் பொய் இல்லை என்பதுதான் அதில் வேடிக்கை. 1948 செப்டம்பரில் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்பவர், படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்த ஒரு இளம்பெண்ணுக்கு, பிற்பாடு கார்ட்டிசோன் என்று பெயர் பெற்ற மருந்தை ஊசியாகப் போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்சுக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு. தொடர்ந்து போட்டால் முகம் வீங்குவதும் எலும்பு தேய்வதும் அதற்கப்புறம்தான் வெளியே தெரிந்தது. உலகத்துக்குச் சில வருஷம் பிடித்த பாடம் எனக்கு ஆறு மாதத்தில் முடிந்தது. டாக்டர் கண்ணில் வைத்துக்கொண்டு, அளந்து, கொஞ்ச நாளைக்குக் கொடுத்தால் அதே ஸ்டீராய்டு நல்ல மருந்துதான். என் பொடியில் அளவும் இல்லை, பெயரும் இல்லை.

காலையில் மட்டும் ஏன் இப்படி என்பதற்கும் விடை அங்கேதான் இருக்கிறது. ராத்திரி நாம் தூங்கும்போது, அழற்சியைக் கிளப்புகிற இன்டர்லூகின்-6 போன்ற புரதங்கள் ரத்தத்தில் ஏறி விடிகாலையில் உச்சத்துக்குப் போகின்றன. அதை அடக்க உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசால், இந்த நோயில் அந்த ஏற்றத்துக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு எழும்புவதில்லை. தீ முதலில், தீயணைப்பு வண்டி அப்புறம். என் ஐந்தரை மணி என்பது அந்த இடைவெளி.

எச்சில் வழக்கு

பிடிபட்டது ஒரு மார்கழி மாதம். அத்தை அந்த மாதம் சீக்கிரம் எழுந்துவிடுவார்கள் என்பதை மறந்துவிட்டேன். அடுப்படி விளக்கு திடீரென்று எரிந்தது. என் வாயில் பால் பாக்கெட்டின் மூலை.

அத்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டார்கள். சொன்னேன். அந்தப் பாலை வாசல் தென்னைக்கு ஊற்றிவிட்டு, பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தார்கள். இரண்டு நாள் வீட்டில் கருப்பட்டிக் காபி. மூன்றாம் நாள் எனக்கு டாக்டர் முறை. "நானும் வாரேன்" என்றார்கள். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் தவிர எங்கேயும் கிளம்பாதவர்கள்.

என் டோக்கன் வந்தது. டாக்டர் வழக்கம்போல விரல்களை அமுக்கினார். "நல்லா இருக்கேம்மா, மருந்து ஒத்துக்கிடுது. காலையில விறைப்பு?" நான் "கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன்.

"டாக்டர், நீங்களே இதக் கேளுங்க" என்றார்கள் அத்தை. "தினமும் பால் பாக்கெட்ட பல்லால கடிச்சுத் தொறக்கா. எட்டு மாசமா வீட்ல எல்லாரும் எச்சிப் பாலத்தான் குடிக்கோம். கத்திரிக்கோல் இருக்கு, அருவாமணை இருக்கு. கேட்டா கை மடங்கலங்கா. பத்து மணிக்கு மேல நல்லா மடங்குது, ராத்திரி மடங்குது, காலையில மட்டும் எப்படி மடங்காமப் போகும்?"

அது புகார். என் மேல் கொடுத்த புகார். எனக்காகப் பரிந்து பேசியது என்று நான் பின்னால் எத்தனையோ முறை திரித்துப் பார்த்திருக்கிறேன், ஆனால் இல்லை. அத்தைக்கு அன்றைக்கு எச்சில்தான் முக்கியம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பாமல் அத்தையிடமே கேட்டார்: "எத்தனை மணிக்கு எந்திரிக்காங்க?" "அஞ்சு." "எப்பம் கை நேராகுது?" "பத்து, பத்தரை ஆவும். லீவு நாள்ல பாத்திருக்கேன்." "சேலை?" "பின் குத்த என் மவன்தான்." "குழாய்?" "மொழங்கையால தொறப்பா." அத்தை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, குற்றப்பத்திரிகை மாதிரி எழுதிக்கொண்டார். எனக்கு ஒன்று புரிந்தது: இந்த அம்மா என்னை எட்டு மாதமாக இல்லை, ஏழு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குழாயை முழங்கையால் திறப்பது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"அஞ்சு மணி நேரம்மா" என்றார் டாக்டர் என்னிடம். "நீங்க டீச்சர்தானே? கொஞ்சம்னு சொல்லுதீங்க." அவர் கோபமாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை. அந்த ராத்திரியே ரத்தம் எடுத்தார்கள். கையையும் காலையும் படம் எடுத்ததில், கால் சுண்டுவிரல் மூட்டில் எலும்பு அரிக்கத் தொடங்கியிருந்தது. கணக்கில் சேராத கால்.

வாரம் ஒரு மாத்திரை

நோயை அடக்க ஏற்கெனவே சாப்பிட்டுவந்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரையின் அளவைக் கூட்டி, சல்ஃபாசலசீன் என்று இன்னொன்றையும் சேர்த்தார். மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தவறி தினமும் விழுங்கி உயிரை விட்டவர்கள் உண்டு. அதனால் சீட்டில் கிழமையை எழுதி வட்டம் போட்டுக் கொடுப்பார்கள். எனக்குச் சனிக்கிழமை ராத்திரி. ஞாயிறு முழுக்க வாய் கசக்கும், இட்லியைக் கண்டாலே குமட்டும். மற்ற நாளில், அதன் பக்கவிளைவைக் குறைக்க, போலிக் அமிலம் என்ற வைட்டமின்.

மெத்தோட்ரெக்சேட், போலிக் அமிலம் இந்த இரண்டைப் பற்றியும் எனக்கு ஒரு சொந்தப் பெருமை உண்டு. இரண்டுக்கும் பின்னால் இருந்த விஞ்ஞானி எல்லாப்ரகத சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர்ச் சட்டை போட்டுக்கொண்டு போனது அறுவை சிகிச்சைப் பேராசிரியரான வெள்ளைக்காரருக்குப் பிடிக்காமல் போக, முழு எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். 1922-இல் அமெரிக்கா போனார். பின்னால் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில்தான் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். போலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் எதிர் மருந்துகளும் அங்கேயே பிறந்தன. அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் மெத்தோட்ரெக்சேட். ரத்தப் புற்றுநோய்க்கென்று வந்தது, சின்ன அளவில் என் விரலுக்கும் வருகிறது. 1948 ஆகஸ்டில், ஹென்ச் அந்த ஊசியைப் போடுவதற்கு முந்தின மாதம், சுப்பாராவ் இறந்தார். சனிக்கிழமை விஷமும் மற்ற நாள் முறிவும் ஒரே ஆளின் மேஜையிலிருந்து வந்தவை என்று ஞாயிற்றுக்கிழமை குமட்டலில் நினைத்துக்கொள்வேன். குமட்டல் குறையாது. நேரம் போகும்.

இன்னொரு மாத்திரை ஹைட்ராக்சிகுளோரோகுயின். வருஷத்துக்கு ஒரு முறை கண்ணைப் பார்த்துக்கொண்டால் போதும், சாதுவான மருந்து. 2020 மார்ச்சில் அது கொரோனாவுக்கு ஆகும் என்று கிளம்பிய பேச்சில் ஊரே வாங்கி வைத்துக்கொண்டது. பதினோரு மெடிக்கல் ஏறி இறங்கினேன், ஒரு அட்டைகூட இல்லை. கொரோனாவுக்கு அது பயன்படவில்லை என்று பின்னால் தெரிந்தது. என் மேல் கோபப்படாமல் என்னோடு பன்னிரண்டாவது கடைக்கும் வந்தவர் என் கணவர்; அதற்காகவே அந்தக் கடையில் கிடைத்திருக்க வேண்டும், கிடைக்கவில்லை.

இந்த மருந்துகள் மெதுவாகத்தான் வேலை செய்யும். மூன்று மாதம் ஒன்றும் இல்லை. நான்காம் மாதம் ஒரு நாள் எட்டு மணிக்கே சேலைக்குப் பின் குத்தினேன், குத்திய பிறகுதான் கவனித்தேன்.

பாக்கெட் பாலை அத்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது பால்காரர் வந்து, செம்பில் அளந்து ஊற்றிவிட்டுப் போகிறார், லிட்டருக்குக் கூடுதல் விலை, கொஞ்சம் தண்ணீரும் உண்டு. "எச்சி இல்லாம இருந்தாச் சரி" என்பதுதான் அத்தையின் விளக்கம். ஆனால் செம்பை வாங்க அவர்களே வாசலுக்குப் போகிறார்கள். வந்து அடுப்பில் வைத்துவிட்டு, ஒரு கேள்வி கேட்பார்கள். கை எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. "கைக்கு விடிஞ்சுதா?" அதற்குக் "கொஞ்சம்" என்று பதில் சொல்ல முடியாது. ஆம் அல்லது இல்லை.

விடிந்த நேரத்தை நான் தினசரிக் காலண்டர் தாளில் எழுதி வைக்கிறேன். ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாம் போட்டிருப்பார்களே, அதற்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கும். கிழித்த தாள்களை அத்தை ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறார்கள், மூன்று மாதத்துக்கு ஒரு கட்டு, டாக்டரிடம் கொண்டுபோக. அவர் சீட்டுக்கட்டு மாதிரி புரட்டிப் பார்ப்பார். போன வாரம் மழையில் 9.40, 9.55 என்று போயிருந்தது. இன்று திங்கட்கிழமை. ராகு காலம் 7.30 முதல் 9. எமகண்டம் 10.30 முதல் 12. கை 7.20.